ஒன்பது தாள்

தெஸ்ஸலோனிக்கி நீதிமன்றம், மூன்றாம் மாடி.
வெப்பக்குழாய் காலையிலிருந்து இருமுகிறது.
இங்கே வாயிலிருந்து விழுவதையெல்லாம்
விரலால் ஏந்துவது என் வேலை.
ஏந்துவதற்கு மட்டும்தான் சம்பளம்.

குற்றம்: அவமதிப்பு.
எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குள்
ஒரு கிழட்டுச் சொல் குடியிருக்கிறது: ஹூப்ரிஸ்.
ஒருகாலத்தில் அது மேடையேறினால் கொற்றங்கள் கவிழும்.
இன்று அதிலிருந்து உதிர்ந்த சில்லறையைத்தான்
சிக்னலில் முந்துகிறவன் மீது
கார்க் கண்ணாடியை இறக்கி வீசுகிறோம்.

குற்றம் சாட்டப்பட்டவர் த்ராசிவூலோஸ் மெலிசினோஸ்.
இழுவைப் படகுகள் மூன்று.
புகார் கொடுத்தவர் ரகப் எல்-ஷெனாவி, எகிப்தியர்,
மிகானியோனா துறையில் பதினோரு வருடமாக வலை இழுப்பவர்.

டிசம்பர் இருபது. படகுத்துறையில் விருந்து.
இரண்டு மாதப் பாக்கியைக் கேட்டிருக்கிறார் ரகப்.
"மீன்தானே நீ, பிடித்துக்கொள்" என்று
உறையைக் கிழித்துக் கடலில் தூவினார் முதலாளி.
இருபது யூரோத் தாள்கள். நாற்பது.
ரகப் குதித்தார், காலணியோடு.

தண்ணீர் பதினோரு டிகிரி என்றார் ஒரு வக்கீல்.
பதின்மூன்று என்றார் மற்றவர்.
இரண்டையும் பதிந்தேன்.

பிறகு காணொளி. சான்று இரண்டு.
"ஏழு! எட்டு!" என்று கரையில் யாரோ எண்ண,
கோப்பைகளும் கைபேசிகளும் உயர்ந்தன.
இரண்டாம் முறை ஓட்டியபோது
மூழ்கி எழுந்த அவர் நெற்றியில்
ஒரு தாள் தபால்தலை போல ஒட்டியிருந்தது.
என் வாயோரம் துடித்தது.
அது பதிவில் இல்லை.

வானம் முட்டுகிற கோபுரம், கடவுளோடு மல்லுக்கட்டும் மன்னன்:
அந்தச் சொல்லை அப்படித்தான் பள்ளியில் படித்தோம்.
பழைய ஏதென்ஸ் சட்டத்தில் அது தெருவில் நடந்தது.
ஆதாயமில்லை, பழிவாங்கல்கூட இல்லை,
ஒருவனைச் சிறுக்கவைத்து
அந்தச் சிறுமையை நாக்கில் வைத்து ருசிப்பது.
அடிமைக்குச் செய்தாலும் குற்றம்.
பார்த்தவர் யாரும் வழக்குத் தொடுக்கலாம்.

சாட்சிக் கூண்டில் ஐஸ் ஆலை போலிக்ஸேனி கேட்டாள்:
"பார்த்தவள் நான். நான் ஏன் புகார் கொடுக்க முடியாது?"
பட்டவர்தான் வரவேண்டும், அம்மணி, என்றார் நீதிபதி.
பட்டவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

நாலு மாதம், நிறுத்திவைக்கப்பட்டது.
மெலிசினோஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

இழப்பு ஏதேனும் கோருகிறீர்களா?
"முப்பத்தொன்று கிடைத்தது" என்றார் ரகப்.
"ஐஸ் பெட்டி மூடியில் காயவைத்து எண்ணினேன்.
ஒன்பது குறைகிறது."
மனவேதனைக்கு?
மொழிபெயர்ப்பாளர் இரண்டு முறை விளக்கினார்.
"அதன் விலை எனக்குத் தெரியாது.
ஒன்பதின் விலை தெரியும். நூற்று எண்பது."

முதலாளி சிரித்துவிட்டார்.
வாசலிலேயே தருகிறேன் என்று பர்ஸைத் தொட்டார்.
வேண்டாம் என்றார் ரகப்,
இங்கே, இந்த மேசைமேல், எண்ணித் தாருங்கள்.

எண்ணினார். நீதிமன்றம் பார்த்திருக்க,
கண் தலைக்கேறிய மனிதர்
ஒன்று, இரண்டு என்று குனிந்து எண்ணினார்.
ஐந்தில் தடுமாறி மறுபடி தொடங்கினார்.

நெமெசிஸ் என்றால் சிறகும் வாளும் என்பார்கள்.
அதன் வேரில் இருப்பதோ பங்கிடுதல்,
அவரவர்க்கு உரியதை அளந்து கொடுத்தல்.
இதுதானா அது? எனக்குத் தெரியவில்லை.
மின்னல் இறங்கவில்லை.
மறுநாள் மூன்று படகும் போயின;
நெத்திலிக்கு நல்ல விலையாம்.

நூற்று எண்பது என்று எண்ணிலும் எழுத்திலும் அடித்தேன்.
விசாரணை முடிவு: பிற்பகல் ஒன்று நாற்பது.
பதிவு செய்தவர் என்ற இடத்தில்
என் பெயரை எழுதக் கொஞ்சம் நேரம் பிடித்தது.