கடந்த ஏழு நாட்களில்

தாதி ரொஹயாத்தி நீட்டிய தாளில்
பத்துக் கேள்விகள்.
கடந்த ஏழு நாட்களில் உங்கள் தோல்
எவ்வளவு தொந்தரவு தந்தது?
மிக அதிகம். அதிகம். கொஞ்சம். இல்லவே இல்லை.

எப்போதும்போல் 'கொஞ்சம்'.
மரியாதையான சொல் அது.
யாரையும் பதறி எழவைக்காது.

திங்கள் விடியலில்
படுக்கை விரிப்பைச் சன்னலுக்கு வெளியே உதறப்போனவன்
கையை இழுத்துக்கொண்டேன்.
கீழ்வீட்டு மூங்கில் கழியில்
கறுப்புச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

ரயிலில் ஒரு குழந்தை என் கழுத்தைக் காட்டியது.
தாய் அதன் விரலை மடக்கி
'சாரி அங்கிள்' என்றாள்.
பீஷான் வரை அரித்தது
அந்த சாரி.

உடை தேர்வில் பாதிப்பு உண்டா?
முப்பத்து மூன்று டிகிரியில் முழுக்கைச் சட்டை.
குளிருதா என்றாள் வெய் லிங்.
எனக்காகப் பொய் சொன்னது
தலைக்குமேல் ஏர்கான்.

தன் கையே தனக்குதவி என்றவர்
இரவு இரண்டரைக்கு விழித்திருந்து பார்க்கவில்லை.
நகத்தை ஒட்ட வெட்டி,
மகளின் பழைய காலுறையை மாட்டியும்
நான் உறங்கியபின் எழுந்து
வேலைக்குப் போகிறது கை.

நெருக்கமானவர்களோடு சிரமம்?
விளக்கை அணைக்கச் சொல்வது நான்தான்.
இருட்டில் செண்பகாவின் விரல்
என் முதுகின் மேடுபள்ளங்களில்
வழி தேடித் தேடி வரும்போது
தூங்குகிறவனைப்போல் மூச்சுவிடுவேன்.
அவளுக்குத் தெரியும்.
அவளும் தூங்குகிறவளைப்போல்.

தாளில் இல்லாதது ஒன்று:
ஈசூனில், அடுக்குமாடியின் கீழே,
மகளின் ஆறாவது பிறந்தநாள் படம்.
கேக் வெட்டும் சின்னக் கையின்மேல்
அழுத்திப் பிடித்திருக்கும் பெரிய கை
என்னுடையதல்ல.
நான்தான் படம் எடுத்தேன்.
எல்லாப் படங்களையும்
நான்தான் எடுக்கிறேன்.

புது மருத்துவர், வயதில் இளையவர்,
கணினியிலிருந்து முகம் திருப்பி
'மனசு எப்படியிருக்கு?' என்றார்.
நான் சட்டையைச் சுருட்டி
முழங்கையைக் காட்டினேன்.

அவர் முழங்கையைப் பார்க்கவில்லை.
என்னையே பார்த்திருந்தார்.
வெளியே அடுத்த எண்ணை அழைத்தார்கள்,
அவர் நகரவில்லை.

அந்தத் தாளைக் கொஞ்சம் தருகிறீர்களா, என்றேன்.

பேனா எழுதவில்லை.
கிறுக்கினேன், கிறுக்கினேன்
'கொஞ்சம்' என்ற கட்டத்தின் மேல்.
முதலில் ஒரு வெள்ளைக் கீறல்.
பிறகு இன்னொன்று.
பிறகுதான்
மை வந்தது.