ரேசனுக்கு இங்கே வேறு பெயர்

கட்டுநாயக்காவில் எங்களை விட்டுவிட்டு
நாயைத்தான் விசாரித்தார்கள்.
விசர்நாய்த் தடுப்பூசி எப்போது,
தோலுக்கடியில் சிப் இருக்கிறதா,
பிறந்த இடம் எது.

கும்மிடிப்பூண்டி முகாம்,
ரேசன் கடைப் படிக்குக் கீழே
என்று துசியந்தன் சொன்னதை அதிகாரி எழுதவில்லை.
இந்தியா என்று எழுதி முத்திரை குத்தினார்.
நாங்களும் அங்கேதான் பிறந்தோம்
நாலு தகரம் தள்ளி.
முப்பது வருடத்தில் அந்தச் சொல்லை
எங்கள் பெயருக்கு நேரே
ஒருவரும் எழுதியதில்லை.

எங்கள் டிக்கெட்டுக்கு ஐ.நா. காசு கொடுத்தது.
நாயின் டிக்கெட்டுக்கு
என் கம்மல் போனது.
காதுத் துளையில் ஈர்க்குக் குச்சி வைத்துக்கொண்டு
ஒட்டுசுட்டானில் இறங்கினேன்.

"திரும்பி வந்திட்டியளோ?"
கடையில் கேட்டார்கள்
கிணற்றடியில் கேட்டார்கள்
கிராம சேவகர் கோப்பிலிருந்து நிமிராமல் கேட்டார்.
போகாத இடத்திலிருந்து வருவதற்கும்
வராத இடத்துக்குத் திரும்புவதற்கும்
என்ன வினைச்சொல் போடுவது
எனக்குத் தெரியவில்லை.
ஓம் என்றேன்.
ஆமா என்று வரப் பார்த்த வாயை
இடையில் திருப்பி.

மாமாவின் பேர்மிட் காணி, அரை ஏக்கர்.
பின்வேலிக்கு அப்பால் பாலை மரங்கள்,
அதற்கப்பால் குளத்து வெளிச்சம்.
இவ்வளவையும் விட்டுவிட்டு
ரேசன் முற்றத்தில் ஒரு சதுரம் நடந்தான்.
அந்தப் பக்கம் பத்தடி
இந்தப் பக்கம் பத்தடி
மூலையில் திரும்பும்போது
இல்லாத சுவருக்கு உடம்பை ஒடுக்கி.

சிரித்தோம்.
அன்றிரவு பார்த்தால்
இரண்டு அறை வீட்டில் ஒரே அறையில்
தலைமாட்டில் அடுப்பு,
கால்மாட்டில் தண்ணீர்க்குடம்,
நடுவில் நாங்கள்.
மற்ற அறையின் கதவை
யாருக்கோ என்று சாத்தி வைத்திருந்தோம்.

பக்கத்து வளவு லோஜினி
மிதிவெடி அகற்றும் கம்பனியில் வேலை.
காலையில் நீலத் தொப்பியோடு வேலியில் நின்று
"நாயின்ர பேர் என்ன?" என்றாள்.
சொன்னேன்.
"ரேசனோ? இஞ்ச நாங்கள் அதை
நிவாரணம் எண்டுதான் சொல்லுறது"
என்று வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள்.
பிறகு சிரிப்பில்லாமல்,
சிவப்பு மஞ்சள் நாடாவுக்கு அங்கால்
விட்டிடாதையுங்கோ, என்றாள்.
எங்கட கம்பனி நாய்களுக்கு
அடையாள அட்டை இருக்கு, இன்சூரன்சும் இருக்கு.
உங்கட ஆளுக்கு மூக்கு மட்டும்தானே.

எங்களுக்கு அதுவும் இல்லை என்றான் துசியந்தன்.

முதலாம் திகதி விடிய
அவன் சட்டை போட்டு, தலை வாரி
வாசலில் போய் நின்றான்.
கணக்கெடுக்க யாரும் வரவில்லை.
ஒரு மயில் வந்தது.
ஒன்பது மணி வரைக்கும் நின்றுவிட்டு
உள்ளே வந்து தேத்தண்ணி கேட்டான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு இரவு
வாழைக்குள் யானை.
ரேசன் குரைத்த குரைப்பு
நாங்கள் கேட்டறியாதது,
தொண்டைக்குள் வேறு நாய் இருந்ததுபோல.
எங்கோ வெடி கொளுத்தினார்கள்.
லைட் அடித்து, கத்திக் கூப்பிட்டேன்
ரேசன், ரேசன்,
டேய் ரேசன்.
இருட்டு அசையவில்லை.

வேலிக்கு அங்கிருந்து லோஜினி
தூக்கக் குரலில் ஒரு தடவை:
"நிவாரணம், இஞ்ச வா."

வந்தான்.
காலெல்லாம் சேறு
மூக்கில் வாழைப்பால்.
நேரே அவள் வளவுக்குப் போய்
அவள் வைத்திருந்த கருவாட்டுத் தலையைத் தின்று
பிறகுதான் எங்களிடம்.
எத்தனை நாளாக இது நடக்கிறது?
துசியந்தன் சிரித்தான்.
எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.
கம்மல் என்னுடையது.

நாளைக்குக் கச்சேரி.
பிரசாவுரிமைத் தாளுக்கு நாலாம் தடவை.
முல்லைத்தீவு பஸ் ஆறே காலுக்கு.
பொழுதுபட்டுத்தான் வருவோம்,
நாயைக் கட்டிப்போட வேணுமோ
என்று வேலியில் கேட்டேன்.
"ஏன்? அவன் எங்க போகப் போறான்"
என்றாள் லோஜினி, பல் விளக்கிக்கொண்டே.

கயிற்றை மற்ற அறையில் போட்டோம்.
கதவைச் சாத்தவில்லை.