ஒர்சோலா மாந்தெல்லியின் அளவுகள்

பீல் நகர அரங்கின் அடித்தளம்.
தலைக்கு மேல் தண்ணீர்க் குழாய்கள்
இரண்டு மொழியில் இருமும்.
என் அளவுப் புத்தகத்தில் உனக்கு நான்கு பக்கம், ஒர்சோலா.
வேறெவருக்கும் ஒன்றைத் தாண்டியதில்லை.

தொண்ணூற்றிரண்டு, மார்ச்.
இடுப்பு அறுபத்தாறு. கன்னிகாஸ்திரீ.
இடைவேளைக்குப் பின் அதே உடம்பு குதிரைக்காரன்,
தோளில் பஞ்சு.
ஆண் நடை எங்கே பிடித்தாய் என்று கேட்டேன்.
‘ஃபெர்ராராவில் என் அத்தை
இறைச்சிக் கடை வைத்திருந்தாள்’ என்றாய்.
அது பதில்தானா,
இன்றுவரை தெரியாது.

தொண்ணூற்றேழு. எழுபத்தொன்று.
ஜெர்மன் தொலைக்காட்சிக்குத் துப்பறியும் அதிகாரி.
கோட்டில் ஒன்பது பை கேட்டாய்;
எட்டில் பிஸ்தா.
ஒன்பதாவதைப் பற்றி நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு ஆண்டு
யாரும் உன் முகத்தைக் கூப்பிடவில்லை.
சூரிச்சில், கண்ணாடி அறைக்குள்,
கார்ட்டூன் வாத்துக்குக் குரல்.
குரலை அளக்க என்னிடம் நாடா ஏது?
ஆனாலும் படியிறங்கி வந்தாய்:
‘இடுப்பு இறுகினால்தான் வாத்து வருகிறது,
ஒரு பாவாடை தைத்துக் கொடு.’
மூச்சுமுட்டத் தைத்தேன்.
ஒலிப்பதிவாளர் ஒருவரைத் தவிர
அந்தப் பாவாடையை உலகில் எவரும் பார்த்ததில்லை.
என் கையில் வந்த
நல்ல வேலைகளில் அது ஒன்று.

பிறகு படம் ஓடியது. ஏரிக்கரைத் திரைவிழா, விருது,
பச்சைப் பட்டு.
ரயிலிலேயே ஜிப் அறுந்துவிட்டதாம்,
ஊக்குக் குத்திக்கொண்டு மேடை ஏறினாயாம்.
நாளிதழில் எல்லோரும் உன் சிரிப்பைப் பார்த்தார்கள்.
நான் ஊக்கைப் பார்த்தேன்.
கோணல்.

போன செவ்வாய் மறுபடி வந்தாய்.
வசனமே இல்லாத வேடம் இது,
எட்டு நிமிடம் மேசைமேல் பிணமாகக் கிடக்கவேண்டும்.
நாடாவைச் சுற்றினேன். வயிற்றை எக்கி நின்றாய்,
அந்த மார்ச் மாதம் போல.
‘விடு’ என்றேன்.
விட்டாய். எண்பத்தொன்பது.

‘மார்பில் கொஞ்சம் தளர்த்து.
செத்தவள் மூச்சு விடுவது
முதல் வரிசைக்குத் தெரியக் கூடாது.’

எழுதிக்கொண்டேன்:
வேடம், இறந்தவள்.
மூச்சுக்கு, இரண்டு சென்டிமீட்டர்.

கைப்பையை எடுத்தாய், படியேறினாய்,
முழங்கால் வலியோடு,
ஆனால் குதிரைக்காரன் நடையில்.
என் வாய் நிறையக் குண்டூசி.
போய் வா என்று சொல்ல முடியவில்லை.