ஐந்தரை மணி நேரம் பின்னால்

பெட்டியில் படம் வைத்திருந்தோம், இருநூற்றுப் பத்து.
எல்லாம் முடிந்துபோன படங்கள்.
"ஓடிக்கிட்டு இருக்கிறது ஒண்ணும் இல்லையா இதுல?"
என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டான் திம்மராஜ்.
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஏழாம் லேன்காரன்.
ஓடுவதையே பார்த்துப் பழகியவன்.

ஓசூரில் ட்யூனர் வாங்கினேன்,
தீப்பெட்டி அளவு, வால்போல ஒரு கம்பி.
மொட்டைமாடியில் டிஷ்ஷைத் தென்கிழக்கே திருப்பினால்
சின்டெக்ஸ் தொட்டி மறைக்கிறது.
தொட்டியை நகர்த்தக் கேட்கமுடியாது:
வீட்டுக்காரர் ஹயாத் பாய் மாதத்துக்கு ஒருமுறைதான் சிரிப்பார்,
அந்த மாதத்துச் சிரிப்பு
வாடகை கொடுத்த அன்றே முடிந்திருந்தது.
டிஷ்தான் நகர்ந்தது, மூன்று முறை.

திரையில் எழுதி வந்தது:
சிக்னல் இருக்கிறது. பூட்டு விழவில்லை.
இன்னும் ஒரு டிகிரி.
பூட்டு விழவில்லை.
ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு
அவன் மேலே, நான் கீழே.
"இப்ப?"
"இல்ல."
"இப்ப?"
"இரு, இரு... போச்சு."
கல்யாணமாகி நாலு வருஷத்தில்
இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் நாங்கள் பேசியதில்லை.

விழுந்தது.
முதலில் வந்தது, இந்தியில், கோதுமை விலை.
ராகியும் மாங்காயும் விளைகிற ஊரில்
இரண்டு பேரும் உட்கார்ந்து
கோதுமை குவிண்டால் என்ன விலை என்று
கடைசிவரை பார்த்தோம்.

நிகழ்ச்சிப் பட்டியலைப் பிறகுதான் கவனித்தேன்.
இரவு எட்டரைச் செய்திக்குப்
பிற்பகல் மூன்று என்று போட்டிருந்தது.
பெட்டி இன்னும் கிரீன்விச்சில் குடியிருந்தது,
நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்.
திருத்த ஒரு வரி போதும்.
பதினோரு நாள் நான் திருத்தவில்லை.

இரவெல்லாம் லென்சுக்குக் கீழே
செல்ஃபோன் பலகைகளில் ஈயப்பொட்டு பார்த்துவிட்டு
கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது
ஊருக்குக் காலை ஏழரை.
பள்ளி வேன் ஹாரன், குக்கர் விசில்,
"என்னம்மா இப்பதான் வர்றியா" என்கிற எதிர்வீடு.
பெட்டி மட்டும் சொன்னது:
மணி இரவு இரண்டு.
என் உடம்பின் நேரத்தைக் காட்டிய கடிகாரம்
இந்த ஊரில் அது ஒன்றுதான்.

"மூணு மணிக்கு செய்தின்னு போட்டிருக்கு,
வந்து உக்காந்தா வெண்டைக்காய் வதக்குறாங்க"
என்று அவன் சலித்துக்கொண்ட அன்று
திருத்தினேன்.
ஏழரை மறுபடி ஏழரையானது.

பதிலுக்கு அவன் ஒன்று கண்டுபிடித்தான்.
ஓடுகிற ஒளிபரப்பை நிறுத்தலாம்.
"கேட்ல ஒரு லாரிய நிறுத்தினா
பின்னால நாப்பது லாரி ஹாரன் அடிக்கும்.
இங்க பாரு, நாடே பேசுது, நிறுத்துறேன்,
ஏன்னு ஒரு ஆள் கேக்கல."

ஆறேகாலுக்குக் கிளம்பும்போது
நிறுத்திவிட்டுப் போவான்.
நான் வரும்போது செய்தி வாசிப்பவர்
பாதி திறந்த வாயோடு காத்திருப்பார்.
அவன் விட்ட சொல்லிலிருந்து எனக்குத் தொடங்கும்.
சில நாள் தெலுங்கு.
பாதிதான் புரியும்,
புரியாத பாதியையும் விடாமல் பார்ப்பேன்.

ஆனால் பெட்டிக்குத் தொண்ணூறு நிமிடம்தான் தாங்கும்.
இன்று சூளகிரி தாண்டி டேங்கர் ஒன்று கவிழ்ந்து
பஸ் வர எட்டு பத்து.
திரையில் யாரோ சிரித்துச் சிரித்து
தோசைக்கல் விற்றுக்கொண்டிருந்தார்கள்.
அவன் நிறுத்திய இடத்தின்மேல்
பெட்டி வேறெதையோ எழுதிவிட்டிருந்தது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் அமைப்புக்குள் போனேன்.
தொண்ணூறை அழித்து
இருநூற்று நாற்பது என்று போட்டேன்.
இடமில்லை என்றது.
படங்களில் பன்னிரண்டை நீக்கினேன்.
முடிவு தெரிந்தவைதானே.

மூன்று மணிக்கு அவன் வருவான்,
எனக்கு அது நடுச்சாமம்.
ரிமோட்டுக்கு அடியில் சீட்டு வைத்தேன்:
பஸ் லேட். எந்தச் சொல்லில் நிறுத்தினாய்?
கோதுமை நாற்பது ரூபாய் ஏறியிருக்கிறது.