இடைவெளியில் கரண்டி

வினிகரில் நனைத்த சர்க்கரை,
கோப்பையின் எதிர் விளிம்பில் தண்ணீர்,
கதவுக்குப் பின்னிருந்து நான் போட்ட கூச்சல்.
அதற்கு மட்டும் அப்பா சிரித்தார்,
சிரிப்பின் நடுவிலும் விக்கினார்.

பதினோரு நாள்.
ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றபோது
மிஷ்கோல்ட்ஸ் ஆஸ்பத்திரி டாக்டருக்கு லேசான வருத்தம்,
ஏதாவது இருந்திருக்கலாமே என்பதுபோல.
மாத்திரை தந்தார்.
அது அப்பாவைத் தூங்கவைத்தது,
விக்கலை இல்லை.

யாரோ நினைக்கிறார்கள் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு.
பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போகவேண்டும்,
எந்தப் பெயருக்கு நிற்கிறதோ அவர்தான்.
சொன்னேன்:
டிராம் பணிமனைக் கூட்டாளிகள்,
மூன்றாம் மாடி கிஸெல்லா.
அங்கே ஒரு விக்கல் தவறியது,
காது சிவந்தது அவருக்கு.
இருப்பவர்கள் தீர்ந்து
இறந்தவர்களுக்கு வந்தேன்.
அம்மாவை மட்டும் விட்டுவிட்டேன்.
நின்றுவிட்டால் என்ன செய்வது?

லின்ஸில் இருக்கும் தம்பிக்கு ஃபோன் போட்டேன்.
"ஓட்டோ, நீயா அப்பாவை நினைக்கிறாய்?"
"இல்லையே" என்றான், பொய் பழகாதவன்.
ஃபோனை அவர் வாயருகே பிடித்தேன்.
ஆறு விக்கல்வரை அவன் வைக்கவில்லை.

ராத்திரி சூப்.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலு விநாடி.
முதல் விநாடியிலேயே கரண்டி உள்ளே போகவேண்டும்,
மூன்றில் போனால்
சட்டையெல்லாம் பாப்ரிகாச் சிவப்பு.
நாற்பது வருஷம் மணியடித்து டிராம் கிளப்பியவர்
என் கையைப் பார்த்தபடி
வாய் திறந்து காத்திருக்கிறார்.

காலையில் தபால் நிலையக் கவுண்டரில்
முத்திரையை ஓங்கியவள்
அப்படியே நிறுத்தினேன், எதற்கோ.
"என்ன பிரோஷ்கா?" என்றார் வரிசையில் முதல் ஆள்.
ஒன்றுமில்லை.
குத்தினேன்.