வெட்டுத் தடம்

செகெட் போகும் சாலையில் பன்றித் தொழிற்சாலையை மூடிய பிறகு
எனக்குக் கிடைத்தது எலும்பு கழுவும் வேலை.
பல் துலக்கும் பிரஷ், ஒரு வாளி, மணிக்கூலி.
இருபத்திரண்டு வருடம் சதையிலிருந்து எலும்பைப் பிரித்தவன்
இப்போது எலும்பிலிருந்து மண்ணைப் பிரிக்கிறேன்.

பிள்ளைகள் இல்லாமல் பூட்டிய பள்ளிக்கூடம்;
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே எங்கள் மேசை.
எமோகே தாடையைத் திருப்பி, பல்லைப் பார்த்து வயது சொல்வாள்.
கன்றுகளின் தாடைகள் தனித் தட்டில்,
பால்பல் விழாதவை, ஒரு கைப்பிடி.
பாலை யார் குடித்தார்கள் என்பதற்கு
அந்தத் தட்டே சாட்சி என்பாள்.

எருதின் குளம்பெலும்பு விளிம்பு பிதுங்கியிருந்தது.
ஏரோ வண்டியோ, எதையோ இழுத்துத் தேய்ந்த கால்.
என் முழங்கால் நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

நூற்றுப் பதினான்காம் பையில் ஒரு வெள்ளாடு.
பின்னங்கால் எப்போதோ முறிந்து
கோணலாகக் கூடியிருந்தது,
கயிற்று முடிச்சுப் போலத் தடித்து.
எமோகே கண்ணாடியைக் கழற்றினாள்.
"இது மந்தையோடு நடந்திருக்காது, கெர்கெய்.
யாரோ புல் அறுத்துப் போட்டிருக்கிறார்கள்.
இரண்டு மூன்று குளிர்காலமாவது."
குரல் கொஞ்சம் இளகியிருந்தது.
அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் விளக்கைச் சாய்த்தபோது
கணு மூட்டருகே மயிரிழை மயிரிழையாய் மூன்று கீறல்.
எந்த வெளிச்சத்திலும் எனக்குத் தெரியும் அந்தக் கோடுகள்.

"அறுத்திருக்கிறார்கள்," என்றேன்.
"கல் கத்தி. நல்ல கூர்.
வழக்கமான இடத்தில் வைக்கவில்லை, பார்.
கால் கோணல் என்பதால்
ஒரு விரல் தள்ளி வைத்திருக்கிறான்.
அல்லது வைத்திருக்கிறாள்.
தடுமாறின தடம் ஒன்றுகூட இல்லை.
தேடாமலே மூட்டு திறந்திருக்கிறது.
தினமும் இந்தக் காலைத் தடவிப் பார்த்த கை."

வெகுநேரம் அவள் பேசவில்லை.
படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
ஆறிய முறிவு, ஒன்று.
வெட்டுத் தடம், மூன்று.
நடுவில் இருந்த கோட்டின்மேல்
பேனா கொஞ்சம் நின்றது.

தொழிற்சாலையில் நாளுக்கு எழுநூறு உருப்படி.
கொக்கியில் தலைகீழாக வந்து சேரும்.
உயிரோடு ஒன்றின் காலையும்
நான் தொட்டதில்லை.

மதியத்துக்குமேல் அடுத்த பையை நனைத்தேன்.
மூளைக்காக உடைத்த எலும்பு, ஊனுக்காகப் பிளந்த எலும்பு,
அவற்றின் முனையெல்லாம் நாய்ப்பல் பதிந்திருந்தது.
அதற்கும் கொஞ்சம் போட்டிருக்கிறார்கள்.