இருபத்து மூன்றாவது புள்ளி

ஈரமானியை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு
"இன்று திறக்கலாம்" என்றாள் ஒஃபேலியா கோல்கே.
அத்தகாமாவில் அது பெரிய சொல் இல்லை.
ஆனாலும் மூன்று இரவாகக் காற்று
கூரையைத் திறக்க விடவில்லை.

குறித்து வைத்தவை இருபத்து மூன்று புள்ளிகள்,
அறுபது லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால்
ஒரு சுருள் மண்டலத்தின் கைகளில்.
எல்லாம் சிவப்பு, எல்லாம் ஊதிப் பெருத்தவை.
நம் சூரியனை அங்கே கொண்டுபோய் வைத்தால்
இந்த ஆடிக்கே அகப்படாது;
இவை குளிர்ந்தும் தெரிகின்றன.
குளிர்ச்சி என்றால்
இரும்பு ஆவியாய் அலையும் குளிர்ச்சி.

சிவப்புக்கு அப்பாலுள்ள ஒளியைப் பிரித்து விரித்தால்
கறுப்புக் கோடுகள்:
இரும்பு, டைட்டானியம், சிலிக்கன்.
தின்றதை மறைக்கத் தெரியாத வாய்கள்.

கலாமாவில் அவள் தம்பி
தாமிரச் சுரங்கத்தின் சோதனைக்கூடத்தில் இருக்கிறான்.
நூறு லாரிப் பாறைக்கு ஒரு பிடித் தூள்.
"உனக்கும் அதே வேலைதான், தூசி மட்டும் இல்லை" என்பான் போனில்.
அங்கேயும் தூசி உண்டு, சிவப்பை இன்னும் சிவப்பாக்கும் தூசி.
சொல்லி முடிப்பதற்குள்
அவனுக்கு ஷிஃப்ட் சங்கு ஊதிவிடும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
இந்தப் பானைக்கு அது செல்லாது.
நடுவில் குழைந்துவிட்டது,
எத்தனையோ விண்மீன்கள் வெந்து வெடித்து
உலோகம் ஊறிய இடம்.
ஓரத்தில் இன்னும் அரிசி.
அதனால்தான் இருபத்து மூன்று பருக்கை.

இரண்டரை மணிக்குக் கடைசிப் பருக்கை.
தார்த்துவிலிருந்து வந்த தார்மோ
நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்:
"விளிம்பில் இவ்வளவு இரும்பா?"
ஆறியிருந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.
புதிய கட்டுரை ஒன்று அவர் முகத்தில் ஓடியது.

ஒஃபேலியா இரும்பைப் பார்க்கவில்லை.
கோடு நிற்கும் இடத்தைப் பார்த்தாள்.
மற்றவை எல்லாம் ஒரே அளவு விலகியிருந்தன,
அந்த மண்டலம் நம்மை விட்டு ஓடும் வேகத்துக்கு.
இது நகரவே இல்லை.

எட்ட நிற்கும் ராட்சசன் என்று நினைத்தது
கிட்ட நின்ற குள்ளன்.
நம் தெருக்காரன்.
வழியில் நின்றிருக்கிறான், அவ்வளவுதான்.

தார்மோ வெகுநேரம் பேசவில்லை.
பிறகு ஒரு கோடு கிழித்தார். இருபத்திரண்டு.

விடியுமுன் கூரையை மூடும்போது
அவளுக்குச் சிரிப்பு வந்தது.
பட்டியலில் இருப்பவை
இந்நேரம் ஒன்றுகூட இருக்காது;
அந்த ஒளி கிளம்பிய சூட்டோடு வெடித்து
அடுத்த உலைக்கு உப்பாகப் போயிருக்கும்.
அடித்துவிட்ட ஒன்று மட்டும்
இப்போதும் எரிகிறது,
நம் சூரியன் அணைந்த பிறகும் எரியும்,
சிக்கனமாக, சிவப்பாக,
யாருடைய கணக்கிலும் இல்லாமல்.